அவர் பெயரைச் சொல்லாத முப்பத்தாறு வருடங்கள்

என் கணவர் பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு, ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறேழு பிள்ளைகளை உட்காரவைத்து டியூஷன் எடுத்தார். சமையலறையில் வேலை செய்தபடியே நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி அப்படி வந்ததுதான்.

பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக வருவது பிரதிப்பெயர் என்று அவர் சொல்லிக்கொடுப்பார். ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால் கேட்கிறவனுக்கு அலுத்துப்போகும். ஒரு தடவை பெயரைச் சொல்லிவிட்டால் அப்புறம் ஹி, ஷி, இட் போதும் என்பார். அந்த ஒரு தடவை மட்டும் சொல்லியே ஆகவேண்டும்.

நான் அந்த ஒரு தடவைகூட அவர் பெயரைச் சொன்னதில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. என் அம்மா என் அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை, அவ்வளவுதான். வீட்டில் 'என்னங்க', வெளியில் 'எங்க வீட்டுக்காரரு', பள்ளியிலிருந்து போன் வந்தால் 'சார் குளிக்கிறாரு'. "சொல்லேன், என்ன ஆயிரும்?" என்று அவரே எத்தனையோ தடவை சீண்டியிருக்கிறார். எனக்கு வாய் வராது. அவர் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். சட்டைப் பொத்தான் அறுந்தாலும் என் பெயர்தான், மழை வந்தாலும் என் பெயர்தான்.

ஒரு சனிக்கிழமை காலை, பிள்ளைகளின் பயிற்சித்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவர், "அதை எடு" என்றார்.

"எதைங்க?"

"அது... அதான், அது." மூக்குக்கண்ணாடியைக் காட்டினார். தூக்கக் கலக்கம் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். சிறிது நேரத்தில் வலது கையிலிருந்து பேனா நழுவி விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்தார்.

பக்கவாதம். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீடு திரும்பியபோது கைத்தடி ஊன்றி நடக்க முடிந்தது. பேச்சும் வந்தது. ஆனால் பொருள்களின் பெயர்கள் அதில் இல்லை. கோப்பியும் அது, தலையணையும் அது. பத்து காவான் என்கிற ஊரில் வேலை செய்கிற எங்கள் மகள் வந்துவிட்டுப் போனால் "ஷி போயாச்சா?" என்று கேட்பார். அவளும் ஷி, நானும் ஷி.

பேச்சுப் பயிற்சி கொடுத்தது ஒரு சீனப் பெண். எனக்குப் புரியவேண்டும் என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து நிதானமாகப் பேசுவாள். வீட்டில் இது, அது என்று சுட்டிப் பேசாதீர்கள், ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லிக் காட்டுங்கள் என்றாள். பிறகு, "அங்கிளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், ஆன்ட்டி. அவர் தன் பெயரை அடிக்கடி கேட்கவேண்டும்" என்றாள்.

கூட வந்திருந்த மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் காடியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது, "உங்களால முடியலன்னா விடுங்கம்மா, நான் பாத்துக்கறேன் லா" என்றாள்.

"நீ அப்பாவப் பேரு சொல்லிக் கூப்பிடுவியா?"

சிக்னலில் வண்டியை நிறுத்தினாள். "மாட்டேன்" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின் இருக்கையில் இருந்த அவரும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

மூன்று நாள் என்னால் முடியவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு மெல்லச் சொல்லிப் பார்த்தேன். நான்காம் நாள் மதியம் அவருக்குக் கஞ்சி கொண்டுபோய் வைத்துவிட்டு, எதிரில் நின்று, பெயரைச் சொன்னேன்.

யாரோ வந்திருப்பதாக நினைத்து அவர் வாசல் பக்கம் திரும்பினார். "யாரு?" என்றார்.

"நீங்கதாங்க."

அந்தப் பெயரை அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், யாரோ வேறொருவருடைய பெயரைப் போல. பிறகு இடது கையால் கண்ணை மூடிக்கொண்டார். நான் பெயர் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். தன் பெயரே தன்னை விட்டுப் போயிருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அதற்குப் பிறகு தினமும் சொன்னேன். கூச்சம் போய்விட்டது. வார்த்தைகளும் ஒவ்வொன்றாக வந்தன. தண்ணி வந்தது, ரொட்டி வந்தது, ஸ்பூன் வந்தது. நான்காவது மாதம் மகளின் பெயர் வந்தது. அவள் வெளியே போய் லிஃப்ட் பக்கத்தில் நின்று அழுதுவிட்டு வந்தாள்.

என் பெயர் மட்டும் வரவில்லை. உதட்டைக் குவிப்பார், தலையை ஆட்டுவார், கடைசியில் "ஷி" என்று சொல்லி மேசையைத் தட்டுவார். முதல் எழுத்தை நான் எடுத்துக் கொடுத்தாலும் அதற்கு மேல் நகராது. அவர் வேண்டுமென்றே செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். பயிற்சி கொடுக்கும் பெண்ணும் விளக்கியிருந்தாள். ஆனாலும் ஸ்பூனுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்று உள்ளுக்குள் புழுங்கினேன். ஒருநாள், உடம்பு அசதியில், வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"முப்பத்தாறு வருஷமா கூப்பிட்ட பேரு. ஸ்பூன் ஞாபகம் வருது, என் பேரு எங்க போச்சு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று முழுவதும் எதையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. தண்ணீரைக்கூட விரலால்தான் காட்டினார்.

அடுத்த வாரம், மகள் லீவு போட்டு வீட்டில் இருந்த ஒரு காலையில், நான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனேன். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அவரைத் தரையில் படுக்கவைத்து, தலையை மடியில் தாங்கியபடி, மகள் போனில் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கவாதத்தின் இரண்டாவது அடி. அன்று மாலை ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

காரியங்களெல்லாம் முடிந்த பிறகுதான் மகள் அதைச் சொன்னாள். நான் கிளம்பிப் போனதும் அவர், "வேர் இஸ் ஷி?" என்று கேட்டாராம். "அம்மா பாசாருக்குப் போயிருக்காங்கப்பா, வந்துருவாங்க" என்று சொல்லியிருக்கிறாள். இன்னும் இரண்டு தடவை கேட்டாராம். பிறகு நாற்காலியை வாசல் பக்கமாகத் திருப்பிப் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டாராம்.

"என்னையத்தான் கேட்டாரா?" என்றேன்.

"வேற யாரம்மா கேப்பாரு?"

என் பேரு எங்க போச்சு என்று அன்று கேட்டதற்காக நான் அவரிடம் வருத்தம் தெரிவிக்கவே இல்லை. திரும்பி வந்து சொல்லலாம் என்றுதான் பாசாருக்குப் போனேன் என்று எழுதினால் அது பொய். அந்தக் காலையில் எனக்கு அந்த நினைப்பே இல்லை. வெண்டைக்காய் பிஞ்சாகக் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டுதான் படி இறங்கினேன்.