கீழே வைத்துவிடத் தோன்றும்

பதிப்பகத்தில் எல்லோரும் அவளை அகராதி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் செய்த வேலைக்கும் அந்தப் பெயர் பொருந்தியது, குணத்துக்கும் பொருந்தியது. ஒரு சொல்லில்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அப்போது முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கான பட அகராதி தயாராகிக்கொண்டிருந்தது. மாடியில் ஒரே மேசை. இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் ஒரு வரியில் பொருள் எழுதுவாள். அந்தப் பக்கம் ஓவியர் படம் போடுவார். பந்து, நாற்காலி எல்லாம் மளமளவென்று முடிந்தன. 'கனமான' என்ற சொல்லில்தான் வண்டி நின்றுபோனது.

ஓவியர் ஒரு யானையை வரைந்து நீட்டினார்.

"இதைப் பார்த்தா புள்ளைங்க பெரிசுன்னுதான் சொல்லும்," என்றாள்.

"புள்ளைங்க ஒண்ணும் சொல்லாது. நீங்கதான் சொல்றீங்க."

வீம்புக்கு அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். முணுமுணுத்தபடி ஓவியரும் பின்னாலேயே வந்தார். படத்தைக் காட்டியதும் வகுப்பே கத்தியது: "பெரிசு!"

ஓவியருக்கு முகம் சுண்டிப்போனது. ஜெயித்தும் அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. டீச்சரின் நோட்டுப் பையைக் காட்டி, முன்வரிசைச் சிறுமியிடம், "இதைக் கொஞ்சம் தூக்கு கண்ணு," என்றாள்.

சிறுமி ஒரு கையால் தூக்கினாள். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, மறு கை றெக்கை மாதிரி விரிந்தது, நாக்கு வெளியே வந்தது. நாலே எட்டுதான் நடந்தாள்.

"எப்படி இருக்கு?"

"கீழ வெச்சிடணும் போல இருக்கு!"

வகுப்பு சிரித்தது. ஓவியர் அவசரமாகப் பென்சிலைத் தேடினார். "இன்னொரு தடவை தூக்கும்மா."

"போங்க மாமா, நீங்களே தூக்குங்க!"

அன்று மாலையே அந்தச் சாய்ந்த சிறுமி தாளில் நின்றாள். பக்கத்தில் அகராதி அக்கா எழுதினாள்: 'தூக்கியதும் கீழே வைத்துவிடத் தோன்றும்.'

முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இதெல்லாம் ஒரு பொருளா? 'எடை அதிகமுள்ள'ன்னு போடு."

அவள் வாயைத் திறப்பதற்குள், முதலாளி முன்னால் ஒரு நாளும் குரல் எழுப்பாத ஓவியர் எழுந்துவிட்டார். "அந்த வரி போனா என் படமும் வேண்டாம் சார்."

வரி தப்பியது. புத்தகம் வந்தது. இரண்டு வருடத்தில் ஓவியர் தன் மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். பிறகு அவளுக்குத் தனி அறை, கம்ப்யூட்டர், பொருளைச் சரிபார்க்க ஒரு குழு என்று எல்லாம் வந்தன. வேலையும் சுலபமானது. ஆனால் ஒரு சொல்லுக்காக அவளோடு மல்லுக்கட்டி, பள்ளிக்கூடம் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே கூட வர, ஓய்வு பெறும் நாள்வரை அவளுக்கு இன்னொரு ஆள் கிடைக்கவில்லை.