ஓரம் இருட்டாகத் தெரியும் கண்ணாடி

“மூக்கு எங்க வீட்டு மூக்கு. அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது.”

குளியலறைச் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் டிரில்லை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“யாருண்ணே கேட்டா?”

“யாரும் கேக்கல. நானே சொல்றேன். இந்தா, பாரு.”

டைல்ஸ் ஒட்டுவதுதான் அவருக்குத் தொழில். வேலை நடக்கிற இடங்களில் ‘ரசமட்டம்’ என்றால்தான் அவரைத் தெரியும். பின்பாக்கெட்டில் எந்நேரமும் ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். டீக்கடை பெஞ்சில் உட்காரும் முன்பே அதை வைத்து, பெஞ்சு சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பவர். இப்போது கையில் இருந்தது போன். மாப்பிள்ளை புதுசு வாங்கிக்கொண்டு, பழையதை மாமனாருக்கு அனுப்பியிருந்தார். இரண்டு ஓரமும் வழிந்து கீழே மடிகிற மாதிரி வளைந்த கண்ணாடி. அதில் மகள் காலையில் அனுப்பிய படம். அவருடைய பேத்தி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். கொட்டாவி விட்டாலும் அழகாக இருக்கிற வயசு.

எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். “பாப்பா அம்சமா இருக்குண்ணே,” என்றவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா மூக்கு, நெத்தி எல்லாம், தூக்கி வெச்சிருக்காரே இந்தப் பெரியவர், அவர உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு.”

அந்தப் பெரியவர் சம்பந்தி. பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வேறு வேலையே இல்லை. காலையில் கண் விழிப்பதிலிருந்து பேத்தியைத் தூக்குவதுதான் வேலை. ரசமட்டமோ, குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ஒருமுறை தூக்கியதோடு சரி. மகள் இருப்பது தூரத்து ஊர். கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு ஓட முடியாது. பிள்ளை இப்போதுதான் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருக்கிறாள். அவள் பார்த்துச் சிரிக்கிற முகங்களில் தன் முகமும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அதற்கு இந்த ஒரு போனை விட்டால் வேறு வழி கிடையாது.

படத்தைப் பெரிதாக்கி சம்பந்தியின் மூக்கைப் பார்த்தார். மறுபடி பேத்தியின் மூக்கைப் பார்த்தார்.

“நீ போய் உன் ஓட்டையப் போடு,” என்று போனைப் பையில் வைத்தவர், சிமென்ட் தூளில் அது சரசரத்த சத்தத்தைக் கேட்டுப் பதறி வெளியே எடுத்தார். ஓரத்தில் ஒரு கீறல். சாயங்காலமே, போனுக்குக் காப்புக் கண்ணாடி ஒட்டுகிற கடைக்குப் போய்விட்டார்.

மாடிப்படிக்கு அடியில் இருந்தது அந்தக் கடை. நடத்துகிற பெண் போனை வாங்கித் திருப்பிப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

“கர்வ் போனா? இதுக்கு ஒட்டுறதுதான்ணே பெரும்பாடு. தட்டையா இருந்தா கண்ண மூடிட்டு ஒட்டிடலாம்.”

முதலில் ஒரு கண்ணாடியை எடுத்து வைத்தாள். ஓரத்தில் மட்டும் பசை இருக்கும் என்றாள். ரசமட்டம் அதே மாதிரி ஒட்டியிருந்த பழைய போன் ஒன்றை விரல் மடக்கித் தட்டிக் காதைக் கொடுத்தார்.

“நடுவுல பொந்தா கேக்குதே. வேண்டாம்.”

“சரி, பிலிம் இருக்கு. ரப்பர் மாதிரி, வளைவோட படிஞ்சிரும். கீறல் விழாது. ஆனா கீழ போட்டீங்கன்னா காப்பாத்தாது. இல்லன்னா இந்தக் கண்ணாடி. பசைய ஊத்தி, பரவ விட்டு, லைட்டக் காட்டி இறுக்கணும். விரல் வெச்சா திறப்பீங்க? அப்படின்னா மறுபடி பதியணும்.”

“சிமென்ட்ல கிடந்து என் ரேகையெல்லாம் எப்பவோ தேஞ்சுபோச்சும்மா. இந்தப் போன் என் விரல நம்புனதே இல்ல.”

அவள் சிரித்துக்கொண்டே இன்னொன்றைத் தள்ளி வைத்தாள். “அது என்ன?” என்று கேட்டார்.

“அதுவும் அதே கண்ணாடிதான், பிரைவசி. போனக் கையில பிடிச்சிருக்கிறவங்களுக்கு மட்டும்தான் தெரியும், பக்கத்துல எட்டிப் பாக்கிறவனுக்கு இருட்டு. ஆனா உங்களுக்கு வேண்டாம்ணே. வளைஞ்ச போன்ல போட்டா உங்களுக்கே ரெண்டு ஓரமும் கருப்பா தெரியும்.”

ரசமட்டம் நிமிர்ந்தார். எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வீடியோ காலில் பேத்தி எப்போதும் நடுவில் இருப்பாள். சம்பந்தி எப்போதும் வலது ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்.

“ஓரம் கருப்பா தெரியுமா?”

“ஆமாண்ணே. அதான் சொல்றேன், வேண்டாம்.”

“அதையே போடும்மா.”

பசையை ஊற்றும் முன் அவர் ரசமட்டத்தை எடுத்து மேஜையில் வைத்து, ஒரு பக்கத்துக்குக் காகிதத்தை மடித்து முட்டுக் கொடுத்தார். பசை நாலு பக்கமும் அழகாகப் பரவியது. நீல விளக்கின் கீழ் அது இறுகுகிற வரைக்கும், அடுப்பில் பாலை வைத்தவர் மாதிரி பக்கத்திலேயே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். நடுவில் பேத்தி, பளிச்சென்று. வலது ஓரத்தில் சம்பந்தி உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு கருப்புத் திட்டு. அதிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“சம்பந்தி, சௌக்கியமா இருக்கீங்களா?”

“ரொம்ப சௌக்கியமா இருக்கேன் சம்பந்தி,” என்றார் ரசமட்டம். இத்தனை மாதத்தில் அவர் இப்படி மனசாரச் சொன்னது இதுதான் முதல் தடவை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அவர் தோளை இடித்தாள்.

“ஏங்க, போன் அணைஞ்சுபோச்சு.”

“அணையல. நேரா பாத்தாத்தான் தெரியும்.”

“நேராத்தான் நீங்க உக்காந்திருக்கீங்களே.”

“இரு, தர்றேன்.”

தரவில்லை. கொட்டாவி முடிந்து தும்மல், தும்மல் முடிந்து விரல் சூப்பல் என்று பேத்தி ஒன்று மாற்றி ஒன்று செய்துகொண்டிருந்தாள். எந்த இடத்தில் போனைக் கொடுப்பது? அவர் கொடுக்கலாம் என்று நினைத்தபோது மகள் வைத்துவிட்டாள். மனைவி எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினாள். சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அடுத்தடுத்து வந்த அழைப்புகளுக்கு அவள் வந்து உட்காரவே இல்லை. அடுப்படியில் இருந்தபடியே குரல் கொடுப்பாள். பேத்தி முழுசாகத் தனக்கே கிடைத்துவிட்டாள் என்று ரசமட்டத்துக்கு உள்ளூர ஒரு குஷி. போனைத் துளி ஆடாமல், நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்காருவார். பேசுவது குறைவு. என்ன பேசுவதென்று தெரியாது. பார்த்துக்கொண்டே இருப்பார்.

அப்படி ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து மனைவி, “என் தங்கக்கட்டி என்ன பண்ணுது?” என்று ராகம் போட்டாள். பேத்தி சட்டென்று தலையைத் திருப்பினாள். தாத்தாவின் முகத்தைத் தாண்டித் தேடினாள். குரல் வந்த பக்கம் பார்த்து வாயெல்லாம் சிரித்தாள்.

“அம்மா குரல்னா இப்படித்தான்ப்பா திரும்புறா,” என்றாள் மகள். “தினமும் மத்தியானம் பேசுறாங்கல்ல.”

“தினமும் பேசுறாளா?”

மனைவிக்கு லாண்டரியில் இஸ்திரி போடும் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவாள். மேல்வீட்டு நர்சம்மாவுக்கு நைட் டியூட்டி, பகலில் வீட்டில் இருப்பார். அவருடைய போனில்தான் பேச்சு; தட்டையான, பழைய போன். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் தெரியும்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல,” என்றார் ரசமட்டம், மகள் வைத்த பிறகு.

“உங்க போன்ல எனக்கு இருட்டுதான் தெரிஞ்சுது. வெளிச்சமா இருக்கிற வீட்டுக்குப் போனேன்.”

சம்பந்தி மேல் இருந்த பொருமலெல்லாம் ஒரே நிமிஷத்தில் மூட்டை கட்டிக்கொண்டு மனைவி மேல் வந்து இறங்கியது. இத்தனை நாளும் இந்த வீட்டுக்குள்ளேயே ஒரு ஆள் தன்னை முந்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் கடையில் போனை நீட்டினார்.

“நான் அப்பவே சொன்னேன். ஓரம் இருட்டா இருக்கா?”

“ஓரம் பரவாயில்லம்மா. பக்கம்தான் ரொம்ப இருட்டா இருக்கு. பிலிமையே போட்டுடு.”

அவள் போனைச் சூடு காட்டி, மெல்லிய அட்டையை விட்டு, கண்ணாடியைத் துண்டு துண்டாக எடுத்தாள். பிலிமை ஒட்டி, வளைவில் நின்ற குமிழைப் பார்த்து, நாளைக்குள் அதுவாகவே படிந்துவிடும் என்றாள். அவர் நம்பாமல் கட்டைவிரலால் வழி நெடுக நீவிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

நேற்று ஞாயிறு. மகளின் அழைப்பு வந்ததும், மனைவியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி அவரே கூப்பிட்டார். ஒரு கணம் அவள் முகத்தைச் சுளித்தாள், பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் தெரிந்தது. வலது ஓரத்தில் சம்பந்தியும் வழுக்கை மினுங்க முழுசாகத் தெரிந்தார். பேத்தி அவர் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் ரசமட்டத்துக்குப் பழைய எரிச்சல் புதுசாக வந்தது.

மனைவி, “தங்கக்கட்டி,” என்றாள். பேத்தி காலரை விட்டுவிட்டுக் காலை உதைத்துச் சிரித்தாள்.

விடக்கூடாது என்று ரசமட்டமும் போனை வாய்க்கருகில் கொண்டுபோய், அதே ராகத்தில், “தங்கக்கட்டி,” என்றார். பேத்தி அவரை உற்றுப் பார்த்தாள். கீழுதடு மெல்லப் பிதுங்கியது. பிறகு வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.

“ஒன்னுமில்ல சம்பந்தி,” என்றார் செக்கிங் சம்பந்தி, பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே. “புதுக்குரல் பாருங்க, அதான் மிரளுது. எங்ககிட்ட இப்படி ஒருநாளும் அழுததில்ல.”

மனைவி சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அடக்க முடியவில்லை. தோள் குலுங்கியது.

அதன் பிறகு அவர் யாரோடும் பேசவில்லை. தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ராகம் பழகிப் பார்த்தது வெளியே கேட்டது. இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டியவர் மறுபடி கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என்ன மறந்துவிட்டது என்று மனைவி கேட்டாள்.

“ஒன்னும் மறக்கல. நீ ஒரு வாரம் உன் தங்கச்சி வீட்டுல போய் இருந்துட்டு வாயேன். பாப்பாகூட நான் கொஞ்சம் பழகிக்கிறேன்.”