மேய்ச்சல் நிலத்து விறகு

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் சாயப்பட்டறை. சாயம் போடுவது கணவர், அடுப்பு என் பொறுப்பு. பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை எடுக்கவும், பிறகு சாயத்தில் காய்ச்சவும் நாள் முழுக்க விறகு எரியும்.

மாகறல் போகும் வழியில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒருத்தி தலைச்சுமையாக விறகு கொண்டுவருவாள். என் வயதுதான் இருக்கும். முன்பெல்லாம் எங்கள் தெருவுக்குத் தயிர் விற்க வந்தவள். அவள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கை அரசாங்கம் வேலிபோட்டு அடைத்துச் சீமைக் கருவேலம் வைத்தது. டவுனில் எரிக்க விறகு போதவில்லையாம், அதற்கான திட்டமாம். மேய இடமில்லாமல் மாடுகளை ஒவ்வொன்றாக விற்றார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த காலம் அது. விறகு இனி தாராளமாகக் கிடைக்கும் என்று அன்று நான் சந்தோஷப்பட்டேன்.

மரங்கள் வளர்ந்ததும் வெட்டும் உரிமையை ஏலம் விட்டார்கள். கட்டைகள் லாரியில் டவுனுக்கு வந்தன. ஊர்க்காரர்கள் சுள்ளி பொறுக்கலாம் என்றிருந்தது, பிறகு அதுவும் கூடாதென்று ஆனது. காவல்காரன் இரண்டு முறை அவள் கொடுவாளைப் பிடுங்கிக்கொண்டான். அவன் கண்ணில் படாமல் புதருக்குள் புகுந்துதான் அவள் வெட்டிக்கொண்டு வந்தாள்.

ஒரு நாள் நொண்டிக்கொண்டு வந்தாள். முள் ஏறியிருந்தது. பாதம் வீங்கிப் பளபளத்தது. டாக்டரிடம் காட்டச் சொன்னேன். இந்தச் சுமையை இறக்கிவிட்டுப் போகிறேன் என்றாள். கொப்பரையில் நூல் கிடந்ததால் கட்டை வாங்கி அடுப்பில் வைப்பதிலேயே இருந்தேன். அவள் போனதைக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் அவள் வரவில்லை. கீரை விற்க வந்த அவள் ஊர்க்காரிதான், ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னாள். பழம் வாங்கிக்கொண்டு அவள் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவள் புருஷன் அடுப்பில் வைக்கோலைத் திணித்துத் திணித்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். வீடு முழுக்கப் புகை. வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டியவரை மரம். யோசிக்காமல், ஏன் வைக்கோலை எரிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "அந்தக் கட்டையெல்லாம் உங்க ஊருக்கு வந்துக்கினு இருக்குதும்மா. உங்க பட்டு வேகுது. நாங்க தொட்டா திருட்டு."

பழத்தை வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து, இந்தக் கருவேலங்கட்டை இனி நமக்கு வேண்டாம் என்றேன். கணவர் தலை நிமிர்ந்து பார்த்தார். "வேற எத எரிப்ப, சொல்லு" என்றார். கேலியாக இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். சவுக்குக் கட்டை வாங்கினால் கட்டுபடியாகாது. நூல் கொடுத்தவர்கள் காத்திருந்தார்கள்.

மறுநாள் காலை விறகுமண்டியிலிருந்து வண்டி வந்தது. அதே கட்டை. முள் ஒன்றுகூட இல்லாமல் சீவியிருந்தார்கள். அடுப்பை மூட்டினேன். அன்று அரக்குச் சிவப்பு. கட்டை எரிந்து தீரத் தீர அடுத்ததை எடுத்து வைத்தேன்.

அடுத்த கோடையில் அவளும் புருஷனும் மெட்ராசுக்குப் போய்விட்டதாகக் கீரைக்காரி சொன்னாள். கால் இல்லாதவள் அங்கே என்ன வேலை செய்வாள் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.