ஒன்பதாம் நம்பர் அச்சன்

லிங்கராஜுக்கு அந்தப் பன்னிரண்டு வீடுகளும் தலைகீழ்ப் பாடம். எந்தக் கார் எந்த வீட்டுடையது, யார் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் பால் வரும், எந்த வீட்டு அம்மாவுக்கு எந்த வீட்டு அம்மாவோடு பேச்சு இல்லை, எல்லாம் அத்துப்படி. வெள்ளாயணிக் காயலை ஒட்டி, ஆளுயர மதில் எழுப்பிக் கட்டிய வில்லாக்கள் அவை. காயல் ஊருக்குப் பொதுதான். ஆனால் அந்தக் கரையில் நின்று அதைப் பார்க்க வேண்டுமென்றால் லிங்கராஜ் கேட்டைத் திறந்தாக வேண்டும். ஆறு வருடத்தில் அந்த கேட்டில் ஒரு தப்பு நடந்ததில்லை என்று அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

குழித்துறையிலிருந்து பதினேழு வயதில் வந்தவன். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் இருபத்திரண்டு வருடம் சப்ளையராக ஓடினான். நாலுக்கு ஒரு நெய்ரோஸ்ட், ஏழுக்கு ரெண்டு சாயா என்று மேசை நம்பரை வைத்தே மனிதர்களை நினைவில் வைத்தான். முட்டி தேய்ந்து, உட்கார்ந்து பார்க்கிற வேலை தேடி செக்யூரிட்டியாக வந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. மூன்றாம் நம்பர் டாக்டர். ஆறாம் நம்பர் மேடம். ஒன்பதாம் நம்பர் அச்சன்.

ஒன்பதாம் நம்பர் அச்சன் என்பது அந்த வீட்டுக்காரன் சுமந்தின் அப்பா. அவர் மனைவி இறந்த பிறகு மகன் நாகர்கோவிலிலிருந்து கூட்டிவந்து வைத்திருந்தான். ஒருமுறை சாலையில் விழுந்துவிட்டார் என்பதால், தன்னிடம் கேட்காமல் அவரை வெளியே விடக்கூடாது என்று சுமந்த் சொல்லியிருந்தான். கேட் அறையில் ஒட்டியிருந்த பட்டியலில் வீட்டு நம்பர், உரிமையாளர் பெயர், போன், கார், வளர்ப்பு நாயின் பெயர் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒன்பதுக்கு நேரே சுமந்த் இருந்தான், நாய் புரூனோவும் இருந்தது. அப்பாவுக்கு அதில் கட்டம் கிடையாது.

நாலு நாளாக அவர் காலையிலேயே வந்து கேட்டுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காற்று வாங்குகிறார் என்று லிங்கராஜ் நினைத்தான். ஐந்தாம் நாள் மதியம் அவர் சாப்பிட உள்ளே போய், அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் வந்தாள். அறுபது தாண்டிய வயது, கையில் ஒரு துணிப்பை, பையிலிருந்து எட்டிப் பார்க்கும் பனங்கிழங்குக் கட்டு.

"பகவதிப்பெருமாள் வீடு எதுவாக்கும்?"

"எந்த நம்பரு?"

"நம்பரெல்லாம் எழுதல. பன்னெண்டு வீடுதான், எம் பேரச் சொன்னா போதும்னு எழுதியிருக்கான்."

ஊர்ப் பேச்சைக் கேட்டதும் லிங்கராஜுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தான். "அப்பிடி ஒரு ஆளு இங்க இல்லம்மா. போன் உண்டா? உள்ளேருந்து ஆராச்சும் சம்மதிச்சாத்தான் விட முடியும், கேட்டியளா."

அவளிடம் போன் இல்லை. மதிலுக்கு மேலே தெரிந்த ஓட்டுக்கூரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இல்லன்னு சொல்லச் சொல்லி அவந்தான் சொன்னானா?"

லிங்கராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எனக்குத் தெரியாத ஆளு இந்த மதிலுக்குள்ள கெடையாது." சொன்னபிறகு மனசு கேட்காமல், குடிக்கத் தண்ணீர் கொடுத்து, தம்பானூர் போனால் நாகர்கோவில் பஸ் கிடைக்கும் என்று வழியும் சொன்னான்.

அவள் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். அச்சன் வேட்டியைச் சரிசெய்தபடி வந்தார். "ஆராச்சும் வந்தாவளா? எனக்க தங்கச்சி வரணும்."

"உங்களுக்கு ஆரும் வரல்ல சாரே. ஒரு அம்மா வழி தெரியாம வந்து, பகவதிப்பெருமாளக் கேட்டா. அப்பிடி ஆளு இல்லன்னு பறஞ்சு அனுப்பியாச்சு."

அவர் அவனையே பார்த்தார். "நான்தாம்லே அது."

லிங்கராஜ் பட்டியலைத் திரும்பிப் பார்த்தான். தினமும் வணக்கம் சொல்லுகிற மனிதர். ஒரு நாளும் பெயரைக் கேட்டதில்லை. நாயின் பெயர் தெரியும்.

பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்னார். தங்கை மாடம்மாள், சர்ச்சுக்குப் போகிற வேதக்கார சுவாமிதாஸைக் கட்டிக்கொண்டு போனாள். ஆறு மாதம் கழித்து அண்ணனைப் பார்க்க வாசலுக்கு வந்தபோது, "நான் வீட்ல இல்லன்னு சொல்லு" என்று உள்ளேயிருந்து மனைவியிடம் சொன்னவர் இவர். அது வெளியே நின்றவளின் காதிலும் விழுந்தது. முப்பத்தோரு வருடம் பேச்சில்லை. சுவாமிதாஸ் இறந்த செய்தி தெரிந்து, மகனுக்குக்கூடச் சொல்லாமல், வரச்சொல்லிக் கடிதம் போட்டார்.

"ரெண்டாவது தடவையும் இல்லன்னு சொல்ல வச்சிட்டேனே" என்று அவர் அழுதார்.

லிங்கராஜ் சுமந்துக்குப் போன் செய்தான். மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி வந்தது. கேட்டை விட்டு நகர்ந்தால் வேலை போகும். இவரை வெளியே விட்டாலும் போகும். எப்படியும் ஒரு வேலைதானே போகும் என்று நினைத்தானோ என்னவோ, புல் வெட்டிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு கேட்டில் நிறுத்திவிட்டு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி அவரை ஏற்றினான்.

போகிற வழியில் கரமனையில் நெரிசல். பெரியவர் வழி முழுக்கத் தன் முழங்காலையே தட்டிக்கொண்டு வந்தார். தம்பானூரில் லிங்கராஜ் தன் தேய்ந்த முட்டியோடு பஸ் பஸ்ஸாக ஓடினான். நாகர்கோவில் பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில், மடியில் பையோடு அவள் இருந்தாள். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

பெரியவரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டான். அவள் திரும்பிப் பார்த்தாள். முதலில் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"எனக்க பேரு இங்க ஆருக்கும் தெரியாது மாடம்மா" என்றார் அவர். "தெரியும்னு நெனச்சு எழுதிட்டேன்."

அவள் பையை எடுத்து மடியிலிருந்து கீழே வைத்து, நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"எறங்குவோம் சாரே, பஸ் எடுக்கப் போறான்" என்றான் லிங்கராஜ்.

"நீ போ மக்கா. நான் இவ வீட்ட ஒண்ணு பாத்துட்டு வாறேன். இதுவர பாத்ததில்ல."

கண்டக்டர் விசில் ஊதினார்.

திரும்பி வந்தபோது சுமந்த் கேட்டிலேயே நின்றான். "அச்சன எதுக்கு வெளிய விட்டீங்க? ஆரு சொல்லி விட்டீங்க?" என்று கத்தினான். லிங்கராஜ் வெளியே போகிறவர்களுக்கான நோட்டைத் திறந்து, 'பகவதிப்பெருமாள், தங்கை வீட்டுக்கு' என்று எழுதி அவன் முன்னால் திருப்பி வைத்தான். சுமந்த் வாசித்தான். பிறகு கத்தவில்லை. ஆனாலும் குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் போனது. அந்த வாரமே லிங்கராஜை ஆக்குளம் காயல் பக்கம் எட்டு வீடுகள் உள்ள இன்னொரு இடத்துக்கு மாற்றினார்கள். சம்பளமும் குறைவு.

அங்கே முதல் நாளே அவன் ஒரு நோட்டோடு வீடு வீடாக ஏறினான். முதல் வீட்டுக்காரி உரிமையாளர் பெயரும் காரும் நாயும் சொல்லி, "போதுமா?" என்றாள்.

"உள்ள கட்டில்ல படுத்திருக்கிய அம்மைக்க பேரு?"

"அவங்களத் தேடி யாரு வரப்போறா?"

"வந்தா நான் இல்லன்னு சொல்லிரக்கூடாதுல்லியா" என்றான் லிங்கராஜ். பேனாவைத் திறந்தபடி அங்கேயே நின்றான்.