ரஸ்குக்கு விறகு கிடையாது

அந்த பேக்கரியில் அடக்கவிலைக் கணக்குப் போடும் காஸ்டிங் கிளார்க்காகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ரஸ்க் செக்‌ஷனை மூடப்போகிறார்கள் என்று தெரிந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது பேக்கரி. ரொட்டியும் ரஸ்கும் மட்டும்தான் சரக்கு. மூடினால் ஸ்டெல்லா அக்காவும், அவரோடு ரஸ்க் அறுத்து அடுக்கும் மூன்று பெண்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அக்காவின் மகள் அந்த வருடம்தான் நர்ஸிங் சேர்ந்திருந்தாள்.

"மோளுக்கு காலேஜ் பீஸும் கெட்டியாச்சு. இனி நான் எங்கம்மா போவேன்?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூடச் சொன்னவர் ஆடிட்டர் கோபகுமார். அவருடைய காஸ்ட் ஷீட் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. தினம் நூறு கிலோ ரஸ்க், கிலோ முப்பது ரூபாய், வரவு மூவாயிரம். மைதா, சர்க்கரை, டால்டா, பாக்கெட், கூலி எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்து நானூறு. அதன் தலையில் விறகு, வாடகை, ஆபீஸ் சம்பளத்தின் பங்கு என்று தொள்ளாயிரம். ஆக, தினம் முந்நூறு நஷ்டம்.

"நஷ்டம் வருத சாதனத்த எதுக்கும்மா உண்டாக்கணும்?" என்றார் முதலாளி செல்லையா. நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

நான் புதுசு என்பதையெல்லாம் மறந்துவிட்டேன். "முதலாளி, ரெண்டாயிரத்து நானூறுதான் ரஸ்கை நிறுத்தினா நிக்கற செலவு. அந்தத் தொள்ளாயிரம் எங்கேயும் போகாது. கட்டடக்காரர் வாடகையைக் குறைச்சுப்பாரா? நீங்கதான் என் சம்பளத்தைக் குறைப்பேளா?"

"அங்கனெ பறஞ்சா எப்படி மேடம்? விறகு எரியுதல்லோ," என்றார் கோபகுமார், தன் மலையாளத் தமிழில்.

இதற்காகத்தான் காத்திருந்தேன். இரண்டு பேரையும் போர்மாவுக்கு அழைத்துப் போனேன். போர்மா என்றால் பேக்கரியின் பெரிய விறகு அடுப்பு. காலையில் ரொட்டி வெந்து இறங்கியதும் நெருப்பை வாரிவிடுவார்கள். உள்ளே மிச்சமிருக்கும் சூட்டில்தான் ரஸ்க் தட்டுகள் போகும்.

"ஞாயித்துக்கிழமை ஸ்டெல்லா அக்கா எல்லாரும் சர்ச்சுக்குப் போயிடறா. அன்னிக்கு ரஸ்க் கிடையாது. விறகு ஒரு கட்டாவது குறையறதா முதலாளி?"

முதலாளி சிறு வயதில் இதே மாதிரி ஒரு போர்மாவில் நின்று தட்டு தள்ளியவர். குனிந்து அதன் வாய்க்குள் கையை நீட்டிச் சூடு பார்த்தார்.

"குறையாது. ரொட்டிக்கு வச்ச சூடுல்லா. ரஸ்க் சும்மா கெடக்குத சூட்டுல வேவுது."

பிறகு ஆடிட்டர் பக்கம் திரும்பினார். "அப்போ ரஸ்க நிறுத்தினா எனக்கு என்ன கிடைக்கும் சாரே?"

கோபகுமார் கால்குலேட்டரைத் தட்டினார். நான் காகிதமே இல்லாமல் சொன்னேன். மூவாயிரம் வரவு போகும், இரண்டாயிரத்து நானூறு செலவு போகும், ஆக, மிஞ்சி நின்று வாடகைக்கும் சம்பளத்துக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்த அறுநூறு ரூபாய்தான் தினம் கையை விட்டுப் போகும். செக்‌ஷன் பிழைத்தது. அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது என் கால் தரையில் பாவவில்லை.

அதோடு விடவில்லை. பொன்முடி போகும் வழியில், கல்லாற்றில் டீக்கடை வைத்திருந்த சிலர் சேர்ந்து கிலோ இருபத்தேழுக்கு ரஸ்க் கேட்டார்கள். வண்டியும் அவர்களுடையதே. பழைய ஷீட்டின்படி கிலோ அடக்கம் முப்பத்து மூன்று, கேட்டவுடன் துரத்தியிருப்பார்கள். கூடுதலாகப் போடும் கிலோவுக்கு நமக்கு ஆகும் செலவு இருபத்து நாலுதான் என்று சொல்லி அந்த ஆர்டரை எடுக்க வைத்தேன். ஸ்டெல்லா அக்காவின் மேஜைக்கு இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள்.

காமர்ஸ் படிக்கிற பிள்ளைகள் மார்ஜினல் காஸ்ட், பிக்ஸட் காஸ்ட் என்று மனப்பாடம் செய்கிறீர்கள். செய்யுங்கள். ஆனால் ஒருவர் வேலையில் கைவைக்கும் முன், 'இதை நிறுத்தினால் அந்தச் செலவு போகுமா?' என்று ஒரு தடவை கேளுங்கள்.

முதலாளிக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போயிற்று. வருடக் கணக்கு முடிக்கிற அன்று ஆடிட்டரின் பீஸ் பில்லைக் கையில் எடுத்தார்.

"சாரே, உம்மள நிறுத்தினா இந்தச் செலவு போவுமா, போவாதா?"

கோபகுமாருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா அக்கா டீயும் ஒரு தட்டு ரஸ்கும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"தின்னுங்க சாரே. விறகுச் செலவு இல்லாததுதான்."

அவர் இரண்டு எடுத்துக்கொண்டார்.