வெள்ளி உடுப்புக்காரர்

அடுத்தவர்கள் படி ஏறிக் கஷ்டப்படக் கூடாது என்று ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர் என் வீட்டுக்காரர். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடிக்கு ஏறும்போது பாதிப் படியில் நின்றுவிடுவார். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, யாராவது கடந்து போனால், "பெயிண்ட் உரியுது பாருங்க, யாரும் கேட்கிறதில்ல" என்பார். மூச்சு வாங்குகிறது என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். அப்படி ஒரு வீம்பு.

லிஃப்ட் வேலைக்கு வருவதற்கு முன்னால், வாலிப வயதில், அவர் மூன்று வருஷம் வேற்றுக்கிரகவாசியாக இருந்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 'சாம்பல் நிலா' என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. அது ஓடும் நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. அதில் முகமும் தெரியாமல், ஒரு வார்த்தையும் பேசாமல், தலையிலிருந்து கால்வரை வெள்ளி உடுப்போடு நெருப்புக்குள்ளிருந்து நடந்து வரும் காவலன் இவர்தான். நடிப்பெல்லாம் தெரியாது. பஸ் ஸ்டாப்பில் எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக நின்றார், கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்றைக்கும் தெருவில் அவருக்குப் பெயர் 'கிரகம்'. என் நாத்தனாரே போனில், "கிரகம் சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பாள். கிரகத்தைக் கட்டிக்கொண்டவளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

நெருப்பு என்றால் நிஜ நெருப்பு. அதனால் உடுப்பின் உள்பக்கம் முழுக்கச் சூடு தாங்கும் துணி வைத்துத் தைத்திருந்தார்கள். பாய்லர் குழாய்களில் சுற்றுவார்களே, தொட்டால் வெள்ளையாய்ப் பஞ்சு உதிருமே, அந்தக் கல்நார்த் துணி, ஆஸ்பெஸ்டாஸ். நெஞ்சுக்குள் போன அந்தப் பஞ்சு வருஷக்கணக்காகச் சும்மா கிடந்துவிட்டு, வயதான காலத்தில் வேலையைக் காட்டும். அப்போது இதை அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. உடுப்பைத் தைத்த டெய்லர் முதலில் போனார். இவருக்கு மாற்றாளாக உடுப்பைப் போட்டுக்கொண்ட நெட்டையன் அடுத்துப் போனான். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. பிறகு இவரையும் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்க வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். "நிலாவுல" என்றார் இவர். டாக்டர் சிரிக்கவில்லை.

போன மாதம் நான் பேக்கரிக் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது, வாடிக்கையாக வருகிற ஒருவர் என் முன்னால் பேப்பரை விரித்தார். "உங்க வீட்டுக்காரர் மறுபடியும் வர்றாராமே!"

சாம்பல் நிலா புதிதாக வரப் போகிறதாம். முதல் பக்கத்தில் பாதியை அதற்கே கொடுத்திருந்தார்கள். பழைய கிடங்கு ஒன்றில் அதே உடுப்பு கிடைத்துவிட்டது, ஒரு நூலைக்கூட மாற்றாமல் அதையே பயன்படுத்தப் போகிறோம் என்று தயாரிப்பாளர் பெருமை அடித்திருந்தார். உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஓங்குதாங்காக ஒரு பையன் சிரித்தபடி நின்றான். அவன் கழுத்தோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அச்சுக் கோளாறோ என்று விரலால் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் மாதிரி மெதுவாகப் படித்தார். "அந்தப் பையனுக்குச் சொல்லியாகணும்" என்றார். அதற்குப் பிறகு அவருக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. தயாரிப்பாளர் ஆபீசுக்குப் போன் செய்தார். "நல்லா துவைச்சு வெயில்ல காயவெச்சாச்சு சார், கவலைப்படாதீங்க" என்று வைத்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நிருபர் பெண் பழைய காவலனைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண்தான். டெய்லர், நெட்டையன், துணி என்று இவர் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். எனக்கும் நம்பிக்கை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தால், 'உயிர் குடிக்கும் உடுப்பு! சாம்பல் நிலாவின் சாபம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கல்நார் என்ற வார்த்தையைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் காணோம்.

நான் போனில் கூப்பிட்டேன்.

"நான் எழுதித்தான் மேடம் கொடுத்தேன். மேல வெட்டிட்டாங்க. ஆனா செம ரீச் மேடம்!"

"அந்தப் பையன் செத்தா இன்னும் நல்லா ரீச் ஆகும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அன்றிலிருந்து ஆளாளுக்குக் கண் காது மூக்கு வைக்க ஆரம்பித்தார்கள். 'சாபத்துக்கு அஞ்சாத இளம் வீரன்' என்று ஒரு சேனல். 'மூன்றாவது பலி யார்?' என்று இன்னொன்று. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அந்தப் பையன் சிரித்தான். ஒவ்வொரு படத்திலும் உடுப்பு அவன்மேல்தான் இருந்தது. எத்தனை மணி நேரமாக அதற்குள் இருக்கிறானோ என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். முன்பு போனை வைத்த அதே ஆபீசிலிருந்து இப்போது அவர்களே கூப்பிட்டார்கள். பத்திரிகையாளர் சந்திப்பாம். பழைய காவலனும் புதுக் காவலனும் ஒரே மேடையில் வேண்டுமாம்.

"போகாதீங்க" என்றேன். "நீங்க வாயைத் திறந்தாலே அவங்களுக்கு விளம்பரம்."

"மைக்ல சொன்னா வெட்ட முடியாதுல்ல?" என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல? நானும் கூடப் போனேன்.

ஹோட்டல் ஹால். கண்ணைக் குத்துகிற விளக்குகள். பையன் உடுப்போடு வந்ததும் ஆளுக்கு ஆள் அவன் தோளைத் தட்டினார்கள். தட்டும்போதெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் ஏதோ மெல்ல எழும்பி அப்படியே நின்றது. தலைக்கவசத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் போட்டுக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். அந்த நிருபர் பெண்ணும் மாட்டிக்கொண்டு சிரித்தாள். அவள்மேல் இருந்த கோபமெல்லாம் போய், எனக்குப் பயம் மட்டும்தான் மிஞ்சியது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "ஏசி ஜாஸ்தியா மேடம்?" என்று பக்கத்தில் இருந்தவர் விசாரித்தார்.

இவர் மைக்கை வாங்கினார். "இது சாபம் இல்லைங்க. உள்ள இருக்கிறது கல்நார். தம்பி, அதைக் கழட்டிடு. இப்பவே கழட்டிடு."

அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தார். அதற்குள் இருமல் அவரைப் பிடித்துக்கொண்டது. இரண்டாக மடங்கி இருமினார். ஹால் முழுக்கக் கைதட்டல். யாரோ விசில் அடித்தான். "சூப்பர் சார்! இன்னொரு தடவை, இந்தப் பக்கம் பார்த்து!" என்று ஒரு போட்டோக்காரர் கத்தினார். பையன் ஓடி வந்து, உறை போட்ட கையால் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான். பளிச் பளிச்சென்று படம் எடுத்துத் தள்ளினார்கள்.

அவரை மெதுவாக வெளியே அழைத்துக்கொண்டு வந்து, நடைபாதைச் சுவரோரம் நிற்கவைத்தேன். பின்னாலேயே பையன் தனியாக வந்தான். கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். கழுத்தெல்லாம் சிவந்து கிடந்தது.

"ஐயா, நீங்க சொன்னது பொய்யில்லன்னு எனக்குத் தெரியும். முதல் நாள்லேர்ந்தே அரிக்குது. நானே தேடிப் படிச்சேன்."

"படிச்சுமா போட்டுக்கிறே?"

"நான் விட்டா வெளிய பத்து பேர் நிக்கிறான் ஐயா. வருஷக்கணக்கா கூட்டத்துல ஒருத்தனா நின்னவன் நான். இது என் நெஞ்சு. வர்றது வரட்டும், நான் பாத்துக்கிறேன்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அந்த வயதில் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "தம்பி, உள்ள போடுற பனியனை யார் துவைக்கிறது?"

அவன் விழித்தான். "என் வொய்ஃப்மா. ஒரே பஞ்சா இருக்குன்னு திட்டிக்கிட்டே பால்கனியில நின்னு உதறுவா. எதுக்குக் கேக்கறீங்க?"

"கல்யாணமான புதுசுல நானும் அப்படித்தான் உதறுவேன். அந்த உடுப்பை அப்போ நான் கிட்ட நின்னு பார்த்ததுகூட இல்ல. பனியனை மட்டும்தான் தொட்டேன். போன வருஷம் என் நெஞ்சையும் படம் எடுத்தாங்க தம்பி. இவருக்கு இருக்கிற அதேதான். எனக்குக் கொஞ்சம் அதிகம்."

கவசம் அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. கழுத்தில் இருந்த ஜிப்பைத் தேடினான். உறை போட்ட விரலுக்கு அது அகப்படவில்லை. உறையைப் பல்லால் கடித்து இழுத்தான். "போன்... என் போன் எங்க?" என்று யாரிடமோ கேட்டபடி உள்ளே ஓடினான்.

நான் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இவர் சுவரை விட்டு நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு இருமி, ஒரு வருஷம் இவரிடமிருந்து மறைத்துவிட்டேன். 'எல்லாம் என்னோட போயிடும், நீ நல்லா இருப்பே' என்பதுதான் இந்த மனுஷனுக்கு இருந்த ஒரே ஆறுதல். அதை நானே பிடுங்கிவிட்டேன்.

"நீ உதறும்போது நான் எங்க இருந்தேன்?" என்று கேட்டார்.

"பக்கத்துலதாங்க. டீ குடிச்சிட்டு இருந்தீங்க."