மெழுகிய தகர அடுப்பு

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் லொட்ஜ் இல்லாத ஒழுங்கையோ குறுக்குத்தெருவோ குறைவு. எங்கள் ஒழுங்கை லொட்ஜில் எந்நேரமும் யாழ்ப்பாணத்து ஆட்கள் நிறைந்திருப்பார்கள். பாஸ்போர்ட் எடுக்க வந்தவர்கள், விசாவுக்குக் காத்திருப்பவர்கள், வெளிநாட்டு மாப்பிள்ளையின் கோலுக்காகத் தொலைபேசியடியை விட்டு நகராத பெண்கள். அவர்களுக்கு இரவுச் சாப்பாடாக இடியப்பமும் சொதியும் சம்பலும் கொடுக்கும் ஓடர் அம்மாவுக்குக் கிடைத்திருந்தது.

கொழும்புக்கு வந்த நாள் முதல் "இங்கை எனக்கு என்ன வேலை" என்று யன்னலடியில் இருந்த அம்மா, அந்த ஓடருக்குப் பிறகு வேறு மனுசி. காலையிலேயே அரிசிமாவைப் பற்றிக் கதைப்பார். தேங்காய் விலைக்காகச் சிங்களத்தில் சண்டைகூடப் பிடிப்பார். அதனால் லொட்ஜ் மனேஜர் ஒருநாள் வாசலில் நின்று, "அக்கா, ஒருக்காப் பிந்தினாலும் சனம் கடைக்குப் போயிடும். பிறகு என்னாலை ஒண்டும் செய்யேலாது" என்றபோது எனக்குத்தான் பயம் பிடித்தது.

சமையல் பின்முற்றத்தில், மரத்தூள் அடுப்பில். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டிய நாட்களில் அது எங்களுக்குப் பெரிய உதவி. எங்களுக்கு முன்னர் குடியிருந்தவர்கள் விட்டுப்போன தகர அடுப்பு. நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, அடிவாயில் ஒரு தடியைச் செருகி, சுற்றிவரத் தூளை இறுக்கி அடைக்க வேண்டும். பிறகு போத்தலையும் தடியையும் மெதுவாக உருவினால் காற்றுக்கு வழி. கீழே பற்றவைத்தால் ஊதவும் தேவையில்லை, கிளறவும் தேவையில்லை.

மாதமொருமுறை அதற்கு சேர்விஸ். நான் அப்போது இயந்திரத்துறை டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். சாம்பலைக் கொட்டுவது, கரியைச் சுரண்டுவது, அடிவாயைத் துப்புரவாக்குவது எல்லாம் ஒழுங்குமுறைப்படி நானும் அப்பாவும் செய்வோம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் செய்து முடித்துவிட்டு, கையிருப்பில் தூள் முடிந்திருந்ததால், மரம் அரியும் மரக்காலைக்குப் புதுத் தூள் எடுக்கப் போனோம். திரும்பி வந்தபோது அடுப்பைக் காணவில்லை. அதன் இடத்தில் செக்கச்செவேலென்று புதுப்பெண் போல ஒன்று நின்றது. மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மாவின் குரோட்டன் சாடிகளில் இருந்து மண் எடுத்துக் குழைத்து, அடுப்பை விளிம்பு வரை அம்மா மெழுகியிருந்தார்.

"தகரத்துக்கு ஆரப்பா மெழுகிறது?" என்றார் அப்பா.

"துப்புரவாக்கின அடுப்பை மெழுகாமல் நெருப்பு மூட்டுறதோ? எங்கட வீட்டில அப்பிடி வளக்கேல்லை."

பின்னேரம் தூள் அடைத்து, பற்றவைத்து, இடியப்பப் பானையை வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அடிவாயால் புகை வந்தது. எரியும் அடுப்பின் புகையல்ல, மூச்சுத் திணறுகிற ஒன்றின் புகை. முற்றம் மறைந்தது. நெருப்பு அணைந்தது. திரும்ப மூட்டினோம். திரும்ப அதே கதை.

"தூள்தான் பிழை. ஈரத்தூளை ஏமாத்தித் தந்திட்டான்" என்றார் அப்பா.

நான் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் தூள். ஒரு சிட்டிகையைத் தீக்குச்சியில் காட்டினேன், பொறிந்து எரிந்தது. அடுத்தது காற்றுவழி. டோர்ச்சை அடிவாயில் பிடித்தேன், மேலே வெளிச்சம் தெரிந்தது. மதில் காற்றை மறைக்கிறதோ என்று அடுப்பைத் தள்ளி வைத்து, திரும்ப மூட்டிப் பானையை ஏற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை.

"துவே! வீடு பத்துதா?" மேல்மாடியில் இருந்து வீட்டுக்காரம்மாவின் குரல். என்னைச் சிங்களத்தில் மகளே என்று தொடங்கி மிச்சத்தைத் தமிழில் ஏசுவது அவரின் பாசமான வழக்கம். "என்ட வெள்ளைத் துணி எல்லாம் கறுப்பு!" துணிகளை அள்ளிக்கொண்டு அவரும் கீழே இறங்கி வந்தார்.

அம்மா பிழிந்து வைத்த இடியப்பத் தட்டுகளை ஈரத்துணியால் மூடிவிட்டு, லொட்ஜ் பக்கம் பார்த்தபடி நின்றார். பிறகு தண்ணீர் சுட்டிருக்கிறதா என்று பார்க்கப் பானையை இறக்கினார்.

குப்பென்று சுவாலை எழும்பியது.

"அம்மா, பானையை வையுங்கோ."

வைத்தார். சுவாலை படுத்தது, புகை வந்தது.

"இறக்குங்கோ."

எழும்பியது.

"என்னடி, என்னை வைச்சு டிரில் பழக்கிறியோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு நேரமும் காற்று உள்ளே போகிற வழியை மட்டுமே பார்த்திருக்கிறேன். பானை விளிம்பில் ஒட்டி இருந்தால் வெளியே போக வழி எங்கே? ஸ்குரூ டிரைவரை எடுத்து விளிம்புக்குக் கீழே மெழுகிய மண்ணில் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் மண் பொதுக்கென்று உள்ளே விழுந்தது. ஒரு வட்ட ஓட்டை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதே அளவு தள்ளி மற்றொன்று. சுற்றிவர, மாலை கோத்தது போல. மாதாமாதம் கரி சுரண்டியும் எதற்கென்று நான் யோசிக்காத புகைவழிகள்.

"ஐயோ, நான் தகரத்தைக் கறள் தின்ட ஓட்டை எண்டெல்லோ அடைச்சன்!" என்றார் அம்மா.

"கறள் என்ன, அடிமட்டம் வைச்சு அளந்தே தின்னும்?" என்றார் அப்பா.

"உங்கட மூக்கையும் ஒருக்கா மெழுகி விடட்டே? புகை எங்காலை போகுமெண்டு அப்ப தெரியும்."

வீட்டுக்காரம்மா தன் குரோட்டன் மண்ணை அடையாளம் கண்டுகொண்டு, அதைச் சொல்லவும் முடியாமல் சிரித்துச் சிரித்து மதிலைப் பிடித்துக்கொண்டார்.

பானை திரும்ப ஏறியது. ஓட்டைகளில் எல்லாம் சின்னச் சின்ன நாக்குகள் தெரிந்தன. புகை இல்லை. ஆவி வந்தது. முதல் ஈடு இறங்கும்போதே நன்றாகப் பிந்திவிட்டது. ஒழுங்கையில் காலடிச் சத்தம் கேட்டது. மனேஜர் வந்தார். அவருக்குப் பின்னால், பசி பொறுக்காமல் முழு லொட்ஜும் வந்தது.

"அக்கா, நான் அண்டைக்கே சொன்னனான்..." என்று மனேஜர் தொடங்கினார்.

"கொஞ்சம் தள்ளும் தம்பி, கதை பிறகு" என்று ஒரு பெரியவர் அவரை விலக்கிக்கொண்டு வந்து, தட்டில் இருந்த இடியப்பத்தை எடுத்தார். விரல் சுட்டது. ஊதி ஊதித் தின்றார். "இவ்வளவு நாளும் உந்த இடியப்பத்தை ஏன் ஆறவிட்டுக் கொண்டுவந்து தந்தனீர்?"

மனேஜரும் ஓர் இடியப்பத்தை எடுத்து ஊதத் தொடங்கினார். வீட்டுக்காரம்மா மேலே போய்த் தன் தட்டுகளைக் கொண்டுவந்தார். படியிலும் கவிழ்த்த வாளியிலும் கிணற்றுக்கட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். அப்பா சொதி ஊற்றினார். கோலுக்குக் காத்திருந்த பெண் ஒருத்தி அம்மாவின் கையிலிருந்து இடியப்ப உரலை வாங்கிப் பிழியத் தொடங்கினாள்.

"இனி நாங்கள் இங்கை வந்தே சாப்பிடுறம், அம்மா" என்றார் பெரியவர்.

அம்மா அடுப்பைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நாளைக்கு அரிசி கூடுதலா ஊறப்போடவேணும்."